குண்டா, சம்பாவா: மிளகாய்க் கலப்பில் நான் கற்றவை

பங்குனி மாதத்தில் ஒரு நாள் காலை, சாத்தூருக்குக் கிழக்கே உள்ள எங்கள் பெரியப்பாவின் கரிசல் நிலத்தில், நான் கலப்பு செய்து உண்டாக்கிய மிளகாய்ச் செடிகளுக்கு நடுவே நாங்கள் இருவரும் நின்றிருந்தோம். உருண்டையான குண்டு மிளகாயைத் தாயாகவும் நீளமான சம்பா மிளகாயைத் தந்தையாகவும் வைத்துப் பெற்ற முதல் தலைமுறைச் செடிகள் அவை. பக்கத்து வரிசையில் இருந்த இரண்டு பெற்றோரையும் விட அவை உயரமாகவும், கிளைகள் மிகுந்தும், காய்ப் பாரம் தாங்காமல் சாய்ந்தும் நின்றன. ஓராண்டு உழைப்பு கண்முன்னே காய்த்துத் தொங்கியதில் எனக்குப் பெருமகிழ்ச்சி. பெரியப்பா ஒரு பழத்தைப் பறித்து உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தார். அது உருண்டையாகவும் இல்லை, நீளமாகவும் இல்லை. நடுத்தரமாய், தோள் அகன்று நுனி கூம்பியிருந்தது. "நல்லாத்தான் காய்க்குது தம்பி. ஆனா இதைக் குண்டுன்னு விக்கவா, சம்பான்னு விக்கவா?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்கு அன்று என்னிடம் விடை இல்லை. தோட்டக்கலையில் முதுநிலைப் படிப்பு முடித்திருந்தேன். கலப்பின வீரியத்தை எத்தனை வகையாகக் கணக்கிடலாம் என்று கரும்பலகையில் எழுதிக் காட்டவும் எனக்குத் தெரியும். ஆனால் வீரியம் என்று நான் அளந்தது எதை, அது யாருக்குப் பயன்படும் என்பதை அதற்குப் பிறகுதான் கற்றுக்கொண்டேன். மிளகாயில் தாமே கலப்பு செய்து பார்க்க நினைக்கும் மாணவர்களுக்கும் விவசாயிகளுக்கும் அந்த அனுபவம் உதவும் என்ற நம்பிக்கையில் இதை எழுதுகிறேன்.

இரண்டு வேறுபட்ட தூய வழிகளை (தலைமுறைதோறும் மாறாமல் ஒரே மாதிரிச் செடிகளைத் தருபவை) கலந்தால் பிறக்கும் முதல் தலைமுறை, வளர்ச்சியிலோ விளைச்சலிலோ பெற்றோரை மிஞ்சுவதைத்தான் கலப்பின வீரியம் என்கிறோம். தன் மகரந்தத்தால் கருவுற்ற செடிகளின் பிள்ளைகளை விடப் பிற செடியின் மகரந்தத்தால் கருவுற்றவற்றின் பிள்ளைகள் திடமாக வளர்வதைச் சார்லஸ் டார்வின் 1876-லேயே விரிவான சோதனைகளுடன் பதிவு செய்தார். மக்காச்சோளத்தில் ஆய்வு செய்த ஜார்ஜ் ஷல் 1914-இல் இதற்கு 'ஹெட்டிரோசிஸ்' என்ற பெயரைக் கொடுத்தார். நம் நாட்டில் மிளகாயில் இந்த வீரியம் தென்படுவதைத் தேஷ்பாண்டே 1933-இல் எழுதிவிட்டார். ஆகவே, மிளகாயில் வீரியம் உண்டா என்ற கேள்வி பழையது. எந்தச் சோடியில், எந்தப் பண்பில், எதனோடு ஒப்பிடும்போது என்பதே ஒவ்வொருவரும் தம் நிலத்தில் கேட்க வேண்டிய கேள்வி.

நான் 6 தாய்வழிகளையும் 3 தந்தைவழிகளையும் எடுத்துக்கொண்டு 18 கலப்புகள் செய்தேன். சாத்தூர்ப் பகுதிச் சம்பாவிலிருந்து தேர்ந்தெடுத்தவை, இராமநாதபுரம் பகுதியின் குண்டு, குண்டூர் வகைச் சன்னம், வானம் பார்த்துக் காய்க்கும் ஒரு சிறு காய் வகை ஆகியவை அந்தத் தொகுப்பில் இருந்தன. முதல் பிழை அந்தத் தொகுப்பைத் திரட்டியபோதே நேர்ந்தது. ஓரிடத்தில் வாங்கிய விதையைத் தூய வழி என்று நம்பி, அதை அப்படியே ஒரு தந்தையாகப் பயன்படுத்திவிட்டேன். மறு பருவத்தில் அந்தத் தந்தையிடமிருந்து வந்த 6 கலப்புகளிலும் செடிக்குச் செடி காயின் நீளம் மாறியது. இரண்டு தூய பெற்றோரின் முதல் தலைமுறை ஒரே அச்சில் வார்த்தது போல் இருக்க வேண்டும். அப்படி இல்லையென்றால் பெற்றோரில் ஒன்று தூயதன்று. அல்லது கலப்பு செய்யும்போதே ஏதோ கலந்துவிட்டது. எனக்கு நேர்ந்தது முதலாவது. அந்த 6 கலப்புகளையும் கணக்கிலிருந்து நீக்க வேண்டியதாயிற்று.

மிளகாய்ப் பூ தன் மகரந்தத்தாலேயே கருவுறக்கூடியது என்பதால் அதைத் தன்மகரந்தப் பயிர் என்று பலர் எண்ணிவிடுகிறார்கள். தேனீயும் எறும்பும் இலைப்பேனும் மகரந்தத்தைச் சுமந்து செல்வதால் அயல் மகரந்தச் சேர்க்கை கணிசமாக நிகழ்கிறது. இடத்தையும் பருவத்தையும் பொறுத்து அது 7 விழுக்காட்டிலிருந்து 90 விழுக்காடு வரை பதிவாகியிருக்கிறது. அடுத்தடுத்த வரிசைகளில் குண்டும் சம்பாவும் இருக்கும் தோட்டத்தில் எடுத்த விதையைத் தூயது என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. எனவே இப்போதெல்லாம் எந்தப் பெற்றோரையும், பூக்கும் முன்பே நைலான் வலைக்குள் வைத்தோ, மொட்டுகளுக்குத் துணிப்பை கட்டியோ, குறைந்தது மூன்று தலைமுறை தன்மகரந்தத்தில் எடுத்து, வரிசை முழுவதும் ஒரே மாதிரி இருப்பதைக் கண்ணால் பார்த்த பிறகே கலப்புக்குள் கொண்டுவருகிறேன். அந்த மூன்று தலைமுறைகளை வீண் என்று நினைப்பவர்களிடம், நான் நீக்கிய அந்த 6 கலப்புகளைப் பற்றித்தான் சொல்வேன்.

கலப்பு செய்யும் முறையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். புத்தகத்தில் இரண்டு வரியில் முடியும் அந்த வேலை, தோட்டத்தில் இரண்டு மாதத்தை எடுத்துக்கொள்கிறது. மிளகாய்ப் பூவில் 5 அல்லது 6 வெள்ளை இதழ்களும், ஏறக்குறைய அதே எண்ணிக்கையில் நீலச்சாயல் கொண்ட மகரந்தப் பைகளும், நடுவில் ஒரு சூல்முடியும் இருக்கும். மறுநாள் மலரப்போகும் மொட்டை மாலையில் தேர்ந்தெடுக்க வேண்டும். பச்சை நிறம் முற்றிலும் போய், வெண்மையாகப் பருத்து, இதழ்கள் இன்னும் பிரியாமல் இருப்பதே சரியான மொட்டு. அதைவிட இளையதை எடுத்தால் சூல்முடி பக்குவப்பட்டிருக்காது. இதழ் விரியத் தொடங்கியதை எடுத்தால் பை வெடித்துத் தன் மகரந்தம் ஏற்கெனவே பட்டிருக்கும். கூரிய இடுக்கியால் இதழ்களை மெல்ல விலக்கி, மகரந்தப் பைகளை ஒவ்வொன்றாகக் கிள்ளி எடுக்க வேண்டும். சூற்பையில் இடுக்கி பட்டுவிட்டால் பூ இரண்டு நாளில் உதிரும். மறுநாள் காலை, வெயில் ஏறுவதற்கு முன்பு, தந்தைச் செடியில் அப்போதுதான் வெடித்த பைகளைச் சேகரித்து, அந்தத் தூளைத் தாய்ப்பூவின் சூல்முடியில் தடவி, சிறிது பஞ்சாலோ பையாலோ மூடி, காம்பில் வண்ண நூலைக் கட்ட வேண்டும். ஒவ்வொரு தந்தைக்கும் ஒரு நூல் நிறம் என்று நான் வைத்துக்கொண்டேன். தந்தை மாறும்போதெல்லாம் இடுக்கியையும் விரல்களையும் ஸ்பிரிட்டால் துடைக்க வேண்டும். அதைத் தவறவிட்டால் அன்று செய்தது எதையும் நம்ப முடியாது.

இதில் நான் தாமதமாகக் கற்றவை இரண்டு. ஒன்று, தாய்ச்செடியில் ஏற்கெனவே பிடித்திருக்கும் காய்களையும், மலர்ந்துவிட்ட பூக்களையும் கலப்புக்கு முன்பே அகற்றிவிட வேண்டும். முதலில் பிடித்த காய்கள் செடியின் உணவைத் தம்பக்கம் இழுத்துக்கொள்வதால், பின்னால் வரும் பூக்கள் எவ்வளவு கவனமாக மகரந்தம் இட்டாலும் உதிர்கின்றன. மற்றொன்று, பருவம். பகல் வெப்பம் 35 பாகையைத் தாண்டும்போதும் இரவு குளிராதபோதும் மிளகாயில் பூ உதிர்வு மிகுதி. நான் முதலாண்டு சித்திரையில் உட்கார்ந்து கலப்பு செய்தேன். பத்துப் பூக்களுக்கு ஒன்றுதான் காயாயிற்று. அதே கைகள், அதே செடிகள். கார்த்திகை, மார்கழியில் செய்தபோது ஏறக்குறைய பாதிப் பூக்கள் பிடித்தன.

கலப்பு செய்த காய் பழுத்ததும் அதன் உருவத்தைப் பார்த்து ஏமாற்றமடைந்த விவசாயிகளை அறிவேன். அந்தக் காய் தாய்ச்செடியின் உறுப்பு. அதன் வடிவும் தோலும் தாயைப் போலவேதான் இருக்கும். தந்தையின் பங்கு விதைக்குள் இருக்கிறது. அந்த விதையை முளைக்கவைத்து, அது காய்க்கும்போதுதான் கலப்பின் முகம் தெரியும். குடைமிளகாய்க்குப் பக்கத்தில் கார மிளகாயை நட்டால் அந்தப் பருவத்திலேயே குடைமிளகாய் காரமாகிவிடும் என்ற நம்பிக்கையும் இதே காரணத்தால் தவறு. அதன் விதையை எடுத்து மறுபடி நட்டால் மட்டுமே காரம் வெளிப்படலாம்.

தன் மகரந்தத்தில் உருவான விதை தவறிக் கலந்துவிட்டதா என்று கண்டறிய ஓர் எளிய வழி உண்டு. மிளகாயில் காய் தொங்குவது ஓங்குபண்பு, அதாவது கலப்பில் வெளியே தெரியும் பண்பு. வானம் பார்த்து நிற்பது ஒடுங்குபண்பு, கலப்பில் மறைந்துவிடும் பண்பு. ஆகவே வானம் பார்க்கும் வகையைத் தாயாகவும் தொங்கும் வகையைத் தந்தையாகவும் வைத்தால், முதல் தலைமுறையில் எல்லாச் செடிகளிலும் காய் தொங்க வேண்டும். ஒரு செடி வானம் பார்த்தால் அது கலப்பில்லை. தாயின் தன் விதை. பழுத்த காயின் சிவப்பு மஞ்சளுக்கு ஓங்கு. காரம், காரமின்மைக்கு ஓங்கு. இப்படி ஏதேனும் ஓர் ஒடுங்குபண்பைத் தாய்ப்பக்கம் வைத்துக்கொண்டால், ஆய்வகத்துக்குப் போகாமலே வரப்பில் நின்று தூய்மையைச் சோதிக்கலாம்.

இனி, அளவை பற்றி. மூன்று ஒப்பீடுகள் உண்டு. பெற்றோர் இருவரின் சராசரியோடு ஒப்பிடுவது ஒன்று; இருவரில் சிறந்ததோடு ஒப்பிடுவது இரண்டாவது; அப்பகுதியில் விவசாயிகள் ஏற்கெனவே பயிரிடும் நல்ல ரகத்தோடு ஒப்பிடுவது மூன்றாவது. எடுத்துக்காட்டாக, ஒரு பெற்றோர் செடிக்கு 300 கிராமும் மற்றது 400 கிராமும் காய்க்க, கலப்பு 440 கிராம் காய்க்கிறது என்று வைத்துக்கொள்வோம். சராசரியான 350-ஐ விட ஏறக்குறைய 26 விழுக்காடு கூடுதல். சிறந்த பெற்றோரை விட 10 விழுக்காடு கூடுதல். ஊரில் உள்ள ரகம் 500 கிராம் காய்க்குமானால் அதைவிட 12 விழுக்காடு குறைவு. மூன்றும் உண்மைதான், ஆனால் விவசாயிக்கு வேண்டியது மூன்றாவது மட்டுமே. நான் என் ஆய்வேட்டில் முதல் இரண்டையும் பக்கம் பக்கமாக எழுதினேன். ஊர் ரகத்தை ஒரே ஒரு வரிசையில், அதுவும் வயலின் ஓரத்தில் நட்டிருந்தேன். இன்று யாராவது ஆலோசனை கேட்டால், ஒப்பீட்டு ரகத்துக்கு எந்தக் கலப்புக்கும் குறையாத இடமும் உரமும் நீரும் கொடுங்கள், ஒவ்வொன்றையும் குறைந்தது மூன்று இடங்களில் திரும்ப நடுங்கள் என்பதையே முதலில் சொல்கிறேன்.

விளைச்சல் எங்கிருந்து கூடுகிறது என்பதை அறிந்தபோதுதான் என் எண்ணம் மாறத் தொடங்கியது. மிளகாய்ச் செடியின் விளைச்சல் என்பது காய்களின் எண்ணிக்கையை ஒரு காயின் எடையால் பெருக்கி வருவது. இந்த இரண்டும் பெரும்பாலும் எதிரெதிராக இழுக்கும். காய் பெரிதானால் எண்ணிக்கை குறையும். இப்போது ஒரு பெற்றோர் 180 காய்களை, ஒவ்வொன்றும் 2 கிராம் வீதம் காய்க்கிறது என்று கொள்ளுங்கள்: 360 கிராம். மற்றது 60 காய்களை 6 கிராம் வீதம் காய்க்கிறது: அதுவும் 360 கிராம். கலப்பில் எண்ணிக்கையும் எடையும் சரியாக நடுவில் நிற்கின்றன. 120 காய், 4 கிராம். பெருக்கினால் 480 கிராம். எந்தப் பண்பிலும் கலப்பு பெற்றோரை மிஞ்சவில்லை. ஆயினும் விளைச்சலில் மூன்றில் ஒரு பங்கு கூடுதல். காயின் எடை சிறிய பெற்றோரின் பக்கம் சாய்ந்து 3 கிராமாக நின்றுவிட்டால், மிளகாயில் அப்படிச் சாய்வது வழக்கமும்கூட, கணக்கு மீண்டும் 360-க்கே இறங்கும். எண்ணிக்கையும் அதிகப் பக்கம் சாய்ந்து 160 ஆனால் மறுபடி 480. நான் வயலில் கண்ட வீரியத்தில் பெரும்பகுதி காய்களின் எண்ணிக்கையிலிருந்தே வந்தது. காயின் நீளமும் பருமனும் அநேகமாக இரு பெற்றோருக்கும் இடைப்பட்டே நின்றன.

பெரியப்பாவின் கேள்வி இந்த இடைப்பட்ட காயைப் பற்றியதுதான். விளைச்சலுக்கு நடுநிலை நல்லது. சந்தைக்கு நடுநிலை ஆகாது. இராமநாதபுரம் குண்டு, அதன் உருண்டை வடிவுக்கும் தடித்த பளபளப்பான தோலுக்கும் வாங்கப்படுகிறது. 2023-இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. சம்பா அதன் நீளத்துக்கும் காரத்துக்கும் வாங்கப்படுகிறது. கர்நாடகத்தின் பியாடகி, குறைந்த காரத்துக்கும் ஆழ்ந்த நிறத்துக்கும் விலை பெறுகிறது. ஒவ்வொரு பெயரும் ஒரு வடிவத்தையும் ஒரு சுவையையும் குறிக்கிறது. கமிஷன் கடையில் சாக்கைப் பிரித்துக் கொட்டியதும் வியாபாரி முதலில் பார்ப்பது அந்த வடிவத்தைத்தான். எங்கள் கலப்பு வத்தலைக் கொண்டுபோனபோது, அது 'கலப்படம்' என்று ஒதுக்கப்பட்டு, இரண்டு வகைகளின் விலைக்கும் கீழே போயிற்று. செடிக்குச் செடி கூடுதலாகக் கிடைத்த எடையை அந்த விலை விழுங்கிவிட்டது.

இன்னொன்றையும் அந்தப் பருவத்தில் கண்டோம். பச்சைக் காயாக எடை போட்டபோது முன்னணியில் நின்ற ஒரு கலப்பு, வத்தலாக எடை போட்டபோது பின்னுக்குப் போயிற்று. நன்றாகப் பழுத்த 100 கிலோ பழம் களத்தில் காய்ந்து 25 முதல் 35 கிலோ வத்தலாகும் என்பது பொதுக் கணக்கு. அந்தப் பத்துக் கிலோ வேறுபாட்டில் ஒரு குடும்பத்தின் ஆண்டு வருமானமே அடங்கியிருக்கிறது. நீர்ச்சத்து மிகுந்த, சதைப்பற்றுள்ள காய் எடையில் கனமாகத் தெரியும். களத்தில் மெதுவாகக் காயும். மாசிப் பனியோ எதிர்பாராத மழையோ வந்தால் வெளிறிப்போய்ப் பூஞ்சணம் பிடிக்கும். ஓராண்டு பெரியப்பா கடையில் விலை கொடுத்து வாங்கிய ஒட்டு விதை (கலப்பின முதல் தலைமுறை விதை) ஒன்று இப்படித்தான் ஆயிற்று. பச்சைக் காய்ச் சந்தைக்கென்று உருவாக்கப்பட்ட அந்த ரகத்தை வத்தலுக்கு ஏற்றது என்று சொல்லி விற்றிருந்தார்கள். விதையில் குறை இல்லை. அது பிறந்த நோக்கம் வேறு. ஆகவே மிளகாயில் வீரியத்தை அளப்பவர்கள், வத்தலுக்கான பயிராக இருந்தால், பழத்தின் எடையோடு நிறுத்தாமல், அதே களத்தில் அதே நாளில் உலர்த்தி, உலர்ந்த எடையையும், வெளிறியவற்றின் பங்கையும், காம்பு காயோடு ஒட்டி நிற்கிறதா உதிர்கிறதா என்பதையும் எழுதிவைக்க வேண்டும். காரத்தை ஒரே பருவத்தில் வைத்துத் தீர்மானிக்கவும் கூடாது. காரப்பொருள் காயின் உள்ளே விதைகள் ஒட்டியிருக்கும் வெண்தசையில் ஊறுகிறது. வறட்சியும் வெயிலும் அதன் அளவை நன்றாகவே மாற்றுகின்றன.

பெற்றோரைத் தேர்ந்தெடுக்கும் முறையை இதன் பிறகு மாற்றிக்கொண்டேன். வீரியம் வேண்டுமென்றால் பெற்றோர் மரபில் விலகியிருக்க வேண்டும் என்பது சரி. ஆனால் அந்த விலகல் காயின் வடிவத்தில் இருக்க வேண்டியதில்லை. ஒரே சந்தை வகைக்குள், வெவ்வேறு ஊர்களிலிருந்து, வெவ்வேறு முறையில் கிளைவிட்டுக் காய்க்கும் இரண்டு வழிகளைத் தேடினேன். நீளக் காய் கொண்ட சாத்தூர் வழியையும் நீளக் காயே கொண்ட குண்டூர் வழியையும் கலந்தபோது, முதல் தலைமுறைக் காய் சம்பா என்று சொல்லத் தக்கதாகவே இருந்தது. எண்ணிக்கை மட்டும் கூடியது. பார்வைக்குக் குண்டும் சம்பாவும் கலந்த செடியைப் போல வியப்பூட்டவில்லை என்றாலும், கமிஷன் கடையில் அதற்குப் பெயர் இருந்தது.

ஒட்டு விதையின் விலை ஏன் இவ்வளவு என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. ஏக்கருக்கு 100 கிராம் அளவுக்கு ஒட்டு விதை வேண்டும். அதில் 16,000-க்கும் மேற்பட்ட விதைகள் இருக்கும். கையால் மகரந்தமிட்ட ஒரு காயில் 60 விதை என்று கொண்டால் 270 காய்களாவது வேண்டும். பாதிப் பூக்கள் உதிர்ந்தால் 540 பூக்கள். என் கையால் ஒரு நாளைக்கு 80 பூக்களுக்கு மேல் செய்ய இயன்றதில்லை. அதாவது ஒரே ஏக்கரின் விதைக்கு ஒருவரின் ஒரு வார உழைப்பு. இந்தக் கைவேலையைக் குறைக்கத்தான், வளமான மகரந்தம் உண்டாகாத ஆண்மலட்டுச் செடிகள் பயன்படுகின்றன. 1958-இல் அமெரிக்காவில் பீட்டர்சன் கண்டறிந்த, தாய்வழியாகக் கடத்தப்படும் மிளகாய் ஆண்மலட்டுத் தன்மை, இந்தியாவிலிருந்து சென்ற ஒரு விதை மாதிரியில்தான் இருந்தது என்பதை நினைக்கும்போதெல்லாம், நம் களஞ்சியங்களில் இன்னும் என்னென்ன கவனிக்கப்படாமல் கிடக்கின்றனவோ என்ற ஏக்கம் எழுகிறது. லூதியானாவிலுள்ள பஞ்சாப் வேளாண் பல்கலைக்கழகம் எம்.எஸ். 12 என்ற மலட்டு வழியைக் கொண்டு சி.எச். 1 என்ற ஒட்டு மிளகாயை வெளியிட்டது. பீட்டர்சன் கண்டது போலன்றி, எம்.எஸ். 12-இல் உள்ள மரபணு வழி மலட்டுத் தன்மையில், தாய் வரிசையில் முளைப்பவற்றுள் பாதி வளமான செடிகளாகவே இருக்கும். பூக்கத் தொடங்கியதும் மகரந்தப் பையைப் பார்த்து அவற்றைப் பிடுங்கிவிட வேண்டும். சிறு அளவில் செய்பவர்களுக்கு இது எட்டும் தொலைவில் உள்ள வழிதான், தொடக்க விதை கிடைக்குமானால்.

பெரியப்பா எனக்குத் தெரியாமல் ஒரு காரியம் செய்திருந்தார். அந்தக் குண்டு-சம்பாக் கலப்பில் நன்றாகக் காய்த்த செடிகளின் பழத்திலிருந்து விதை எடுத்து, அடுத்த புரட்டாசியில் விதைத்துவிட்டார். ஒட்டு ரகத்தின் விதையைத் திரும்ப விதைக்கக் கூடாது என்று எல்லோரும் சொல்வதை நானும் அவரிடம் சொல்லியிருந்தேன். முதல் தலைமுறையில் இருந்த கலப்புநிலை (இருவேறு மரபணுக்கள் சேர்ந்திருப்பது), தன்மகரந்தத்தில் ஒவ்வொரு தலைமுறைக்கும் பாதியாகும். இரண்டாவதில் 50, மூன்றாவதில் 25, நான்காவதில் 12.5 விழுக்காடு. வீரியமும் அதற்கேற்பத் தேயும் என்பதே பாடம். வயலைப் போய்ப் பார்த்தபோது, சராசரியாக விளைச்சல் இறங்கித்தான் இருந்தது. ஒரு செடி உருண்டையாகவும், அடுத்தது விரல் நீளத்துக்கும், மூன்றாவது நெட்டையாய்க் காயே இல்லாமலும் நின்றன. ஆனால் அந்தக் குழப்பத்துக்குள்ளே, நல்ல உருண்டைக் காய்களைத் தாயை விட மிகுதியாகக் காய்த்த சில செடிகளும் இருந்தன. அவர் அவற்றின் கிளைகளில் துணிக் கிழிசலைக் கட்டி அடையாளம் வைத்திருந்தார்.

மேலே சொன்ன பெருக்கல் கணக்கின் மறுபாதி அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஒரு பெற்றோரின் ஓங்குபண்பு மற்றதன் குறையை மறைப்பதாலோ, இருவேறு மரபணுக்கள் சேர்ந்திருப்பதாலோ வரும் வீரியம் முதல் தலைமுறைக்குப் பிறகு படிப்படியாகக் கரையும். ஆனால் ஒரு பெற்றோரின் எண்ணிக்கையும் மற்றதன் எடையும் ஒரே செடியில் சேர்வதால் வரும் கூடுதலை, தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து ஒரு தூய வழியில் நிலைநிறுத்த முடியும். அப்படி நிலைத்த செடியின் விதையை விவசாயி தானே எடுத்துக்கொள்ளலாம். நம் பகுதியின் ரகங்கள் பலவும் இப்படிப் பிறந்தவையே. கோவில்பட்டியின் கே 2, பி 70 ஏ என்ற வழியையும் சாத்தூர்ச் சம்பாவையும் கலந்து, அதன் வழிவந்த செடிகளில் தேர்ந்தெடுத்தது, பரமக்குடியின் பி.எம்.கே. 1, கோ 2 ரகத்தையும் இராமநாதபுரம் குண்டையும் கலந்து அதே வழியில் பெற்றது. மானாவாரிக் கரிசலில், மழை எப்போது வரும் என்று தெரியாத நிலையில், ஏக்கருக்கு விலையுயர்ந்த ஒட்டு விதையைத் தூவிவிட்டு வானத்தைப் பார்ப்பதை விட இது பொருத்தமானது என்பது என் உறுதியான கருத்து. சொட்டுநீரும், அகன்ற இடைவெளியும், நிறைவான உரமும் கொடுக்க வசதியுள்ள பச்சை மிளகாய்த் தோட்டங்களில் ஒட்டு ரகம் தன் விலையைத் திருப்பித் தரும், அதை மறுக்கவில்லை. 75-க்கு 60 சென்டிமீட்டர் இடைவெளியில் தோட்டத்தில் முதலிடம் பெற்ற கலப்பு, நெருக்கமாக விதைத்த மானாவாரி நிலத்தில் அதே இடத்தில் நிற்காததை இரண்டு பருவங்களில் பார்த்துவிட்டேன்.

நோயைப் பற்றியும் ஒரு சொல். வீரியமுள்ள செடி இலைச்சுருட்டையும் தாங்கிவிடும் என்று நான் நம்பியிருந்தேன். பெற்றோர் இருவரிடமும் எதிர்ப்புத்திறன் இல்லையென்றால் கலப்பிடமும் அது இருப்பதில்லை. தழைத்து நின்ற வரிசைகளே முதலில் சுருண்டதையும் கண்டிருக்கிறேன். 2021-இல் ஆந்திர, தெலங்கானா மிளகாய் வயல்களைப் புதிய கறுப்பு இலைப்பேன் தாக்கியபோது, விலை உயர்ந்த ஒட்டு ரகங்கள் பயிரிட்டவர்களும் பெரும் இழப்புக்கு ஆளானார்கள். எதிர்ப்புத்திறனைப் பெற்றோரிலேயே தேட வேண்டும்.

பெரியப்பா அடையாளம் கட்டிய 11 செடிகளின் விதையைத் தனித்தனியாக எடுத்து, ஒவ்வொன்றையும் ஒரு வரிசையாக விதைத்துத் தொடர்ந்தோம். இம்முறை செடிகளைப் பூக்கும் முன்பே வலைக்குள் வைத்தோம். மூன்றாம் தலைமுறையில் 4 வரிசைகளைக் கைவிட்டோம். நான்காவதில் இன்னும் 5. எஞ்சிய இரண்டில் ஒன்றின் காய் நன்கு உருண்டு, களத்தில் குண்டின் பளபளப்போடு காய்கிறது. வரிசைக்குள் இன்னும் இரண்டொரு செடிகள் நுனி கூம்பிய காயைக் காட்டுகின்றன. சென்ற தையில் அந்தச் செடிகளைப் பெரியப்பாவே பிடுங்கி வரப்பில் போட்டார். மீதியின் பழங்களைத் தனிச் சாக்கில் கட்டி, மேலே துணிக் கிழிசலில் அவர் கையாலேயே 'குண்டு' என்று எழுதி உத்திரத்தில் தொங்கவிட்டிருக்கிறார். வருகிற புரட்டாசியில் விதைப்பதற்கு.